கை எட்டாத இடம்

மூலைமட்டத்துக்குக் கோணல் என்றால் ஆகாது. சாப்பாட்டுத் தட்டை வைத்தால்கூட மேசை விளிம்புக்கு நேராக இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியை வைத்து மரப் பட்டறையில் எவனோ கிண்டலுக்கு வைத்த பெயர், பெற்றவர்கள் வைத்த பெயரைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. வலது கை நடுவிரலில் பாதியை ரம்பம் கொண்டுபோய்விட்டது. "அந்த ஒண்ணுதான் இவன் அளவுல தப்பினது" என்று பட்டறையில் அதையும் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான்.

அவன் பெண்டாட்டியைத் தெருவில் எல்லோரும் தையல்காரம்மா என்பார்கள். முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சீருடையிலிருந்து தலையணை உறை வரைக்கும் தைத்துத் தள்ளுவாள். பிள்ளைகுட்டி இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசிச் சொந்தக்காரர்களுக்கே வாய் வலித்துப்போய், இப்போது யாரும் பேசுவதில்லை.

வினை அவள் கண்ணிமையில் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் இரண்டு இமையும் சிவந்து தடித்திருந்தன. "தூக்கம் பத்தலைடி" என்றான். மறு வாரம் கழுத்து. அப்புறம் முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம். முதலில் சிவக்கும், பிறகு கடுகு கடுகாய் நீர் முத்து கோக்கும், சொறிந்தால் உடைந்து கசியும், கசிந்தது காய்ந்து பொருக்காகும், பொருக்குக்கு அடியில் மறுபடியும் அரிக்கும். சொறியாதே என்று எவன் வேண்டுமானாலும் சொல்லலாம். வெந்தவளுக்கல்லவா தெரியும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கத்திரிக்காயை நிறுத்து என்றார்கள், நிறுத்தினாள். மீனை நிறுத்தினாள், முட்டையை நிறுத்தினாள், கடைசியில் கஞ்சியும் உப்பும்தான் மிஞ்சியது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த களிம்பு ஒரு வாரம் மந்திரம் போட்டதுபோல் கேட்டது. நிறுத்தியதும் முன்னைவிட மூர்க்கமாய்த் திரும்பி வந்தது.

இதற்குள் தெருவுக்குச் சேதி போய்விட்டது. அளவு கொடுக்க வருகிறவர்கள் பழைய சட்டையைக் கொண்டுவந்து, "இதையே அளவா வெச்சுக்கோங்க, எனக்கு அவசரம்" என்று வாசலிலேயே நின்றார்கள். பிறகு அதுவும் நின்றது. அடுத்த தெருவிலிருந்து அவனுடைய அக்கா வந்தாள். நல்லவள்தான், ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது.

"ஏன்டா தம்பி, இது ஒட்டுமாமே?"

"யாரு சொன்னா? ஒட்டுறதா இருந்தா முதல்ல எனக்குல்ல ஒட்டணும்? ஒரே தலகாணியில படுக்கிறவன் நான்."

"உனக்கு மரத்தோலு. அவளுக்கு அப்படியா? எதுக்கும் தட்டு டம்ளரைத் தனியா வெச்சுக்கோ. நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லாத."

அடுப்பங்கரையில் நின்றவளுக்கு அத்தனையும் கேட்டது. வெளியே வந்து, "டீ குடிக்கிறீங்களா அண்ணி?" என்றாள். அக்கா இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

அரிப்புக்குப் பழைய பஞ்சு மெத்தைதான் காரணம், கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அது மூலைமட்டத்தின் மனதில் விழுந்துவிட்டது. அவனால் ஆனது அது ஒன்றுதானே! அந்த நேரம் பட்டறையில் பெரிய ஓட்டல் ஒன்றுக்குச் சில மாதமாகவே வேலை நடந்துகொண்டிருந்தது. கப்பலில் வந்த கருஞ்சிவப்பு மரம், வாயில் நுழையாத பெயர். பட்டறையில் அதைச் சீமைக்கட்டை என்பார்கள். அறுத்தால் மிளகு வாசம் வரும், இழைத்தால் கண்ணாடி. ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மாவைவிட நைசாய் ஒரு செந்தூள் கிளம்பும். தலை, புருவம், காதுமடல் எல்லாம் அப்பிக்கொண்டு, சாயங்காலம் பட்டறையை விட்டு வருகிறவர்கள் எல்லோரும் செங்கல் சூளையிலிருந்து வருகிற மாதிரிதான் வருவார்கள். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஓட்டல் வேலையில் ஒதுக்கிய துண்டுகளையெல்லாம் வாங்கி வந்தான். உள்ளறையிலேயே வைத்து இழைத்தான், தேய்த்தான், பூட்டினான். கட்டைக்குக் கட்டை நாக்கும் துளையும் கொடுத்து, பசை போட்டு, மர முளை அடித்து இறுக்கினான். ஒரு இரும்பாணி கிடையாது.

"பாலிஷ் போடலையா?" என்றாள் அவள்.

"பாலிஷ் வாசம் உனக்கு ஆகாதுன்னுதான் போடல. வெறும் மரம். எந்த மருந்தும் இல்ல. தடவிப் பாரு, குழந்தை கன்னம் மாதிரி இருக்கும்."

அவள் கன்னத்தை வைத்தே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஊருக்கெல்லாம் கட்டில் செய்தானே ஒழிய வீட்டுக்குச் செய்ததில்லை. அன்று தனக்கு அரிப்புக்கூட மறந்துபோயிற்று என்றாள்.

அந்த மாதம்தான் பெரியாஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றபோதும் உட்கார வைத்து விசாரித்தாள். என்ன சோப்பு, என்ன எண்ணெய், என்ன துணி.

"வீட்டுக்காரர் என்ன வேலை?"

"தச்சு வேலைங்க" என்று அவனே முந்திக்கொண்டான். "ஆனா அதுல ஒண்ணும் இருக்காதுங்க. நாள் பூரா மரத்தூள்லயே கிடக்கிறவன் நான். எனக்கு ஒரு கொப்புளம் வந்ததில்ல. எனக்கு வராதது வீட்ல இருக்கிறவளுக்கு எப்படிங்க வரும்?"

இதைவிட நேரான கணக்கு உண்டா? அவன் கையை நீட்டிக் காட்டினான். காய்ப்புக் காய்ப்பாய், சுத்தமாய் இருந்தது. டாக்டரம்மாவும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவுக்கு வட்டமாய் ஒரு துண்டு தோல் எடுத்தார்கள். அந்தக் கருவியை அவன் எட்டிப் பார்த்தான். முளை அடிக்கத் துளை போடுகிற மாதிரியேதான் இருந்தது. அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா முடிவை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தோல்ங்கிறது ஒரே தகடு இல்லீங்க. மேல மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கும், ஒவ்வொரு அடுக்கும் பக்கத்தோட ஒட்டிட்டு இருக்கும். அதுக்குக் கீழ கெட்டியா நார் மாதிரி ஒண்ணு, அதுலதான் ரத்தக்குழாய் ஓடுது. இவங்களுக்குக் கீழேருந்து நீர் கசிஞ்சு, மேல் அடுக்குக்குள்ள பூந்து, ஒட்டினதையெல்லாம் பிரிச்சு விடுது. அந்த நீர்தான் கொப்புளமா தெரியுது."

"மழையில நனைஞ்ச பிளைவுட் மாதிரியா?"

"அதேதான்."

ஊறிப் பிரிந்த பிளைவுட்டை என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். அடுப்புக்குத்தான் போடுவார்கள்.

"அது திரும்ப ஒட்டுமாங்க?"

"மரம் ஒட்டாது, தோல் ஒட்டும். கீழேருந்து புதுசு வந்துட்டே இருக்கும். ஆனா நனைக்கிறதை நிறுத்தணும். ஏதோ ஒண்ணு இவங்க மேல படுது. உடம்புல இருக்கிற காவக்காரங்க அதை எதிரின்னு நினைச்சுக்கிட்டாங்க. ஒரு தடவை பகைச்சுக்கிட்டா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க. அது என்னன்னு கண்டுபிடிக்கணும்."

முதுகு அப்போது நன்றாயிருந்தது. அதில் நூல், மெஷின் எண்ணெய், சோப்பு, துணிச் சாயம் என்று வரிசையாய் ஒட்டிப் பார்த்தார்கள். "தோல் உடனே சொல்லாது. ரெண்டு நாள், மூணு நாள் யோசிச்சுட்டுத்தான் சொல்லும்" என்றாள் டாக்டரம்மா. ஒரு நீலச் சாயம் மட்டும் லேசாய்ச் சிவந்தது. தையலைக் கொஞ்ச காலம் நிறுத்திப் பார்க்கலாம் என்றாள்.

மெஷினைத் தூக்கி அக்கா வீட்டில் போட்டார்கள். ஜன்னலோரம் வெறிச்சென்று ஆயிற்று. தையல்காரம்மாவுக்குத் தையலும் இல்லை, வெளியில் தலைகாட்ட முகமும் இல்லை. பகல் முழுக்க உள்ளறைக் கட்டிலில் படுத்துக் கிடந்தாள். சாயங்காலம் அவன் வந்து, நல்ல துண்டுகளில் மிஞ்சியதை ஓரமாய் உட்கார்ந்து தேய்த்து, அவள் தலைமாட்டுக்கு ஒரு சின்ன அலமாரி செய்துகொண்டிருப்பான். மருந்து வைக்க.

தையல் நின்ற பிறகு குறைய வேண்டியது கூடிக்கொண்டே போனது. ஒரு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், பட்டறைக்கு ஆள் வந்து கூப்பிட்டான். ஓடி வந்து பார்த்தால், இரண்டு போர்வை போர்த்தியும் அவள் பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள். தலை முதல் கால் வரை ஒரே சிவப்பு. போர்வையை உதறினால் தவிடு மாதிரித் தோல் உதிர்ந்தது.

"என்னைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுருங்க" என்றாள். "இல்லன்னா ஒரேயடியா ஏதாவது குடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வாயை மூடு" என்றான். அவளைத் தூக்கும்போது அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். "தோல் வெறும் உறை இல்லீங்க" என்றாள் டாக்டரம்மா, இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை. "கூரை, சுவர் எல்லாம் அதுதான். முழுசா போச்சுன்னா உடம்புல சூடு நிக்காது, தண்ணி நிக்காது, கிருமி உள்ள வந்துரும். நாங்க பாக்கிறோம். உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

அந்த இரண்டு நாள் மூலைமட்டம் எதைத் தின்றான், எங்கே படுத்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. மூன்றாம் நாள் அவள் நடுக்கம் நின்றது. கஞ்சி கேட்டாள். ஓட்டல் வேலை கழுத்தை நெரித்ததால் அவன் திரும்பப் பட்டறைக்குப் போனான்.

நர்சம்மா முகம், கை, கால் என்று காலையும் மாலையும் களிம்பு தடவிவிடுவாள். முதுகுக்கு வந்தால் மட்டும் தையல்காரம்மா விட மாட்டாள்.

"அவரு வந்து தடவட்டும். எனக்குக் கூச்சமா இருக்கு."

"எல்லாத்தையும் பாத்தாச்சு, இன்னும் முதுகுல என்னம்மா கூச்சம்?"

"இருக்கட்டும் சிஸ்டர். அவரு தடவினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவன் சாயங்காலம் பட்டறையிலிருந்து நேரே வருவான். மனுஷன் சுத்தக்காரன். குழாயில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவான், நகக்கண்ணைக்கூட விட மாட்டான். கழுவிவிட்டுத் தோளில் கிடக்கிற துண்டில் அழுத்தித் துடைப்பான். நாளெல்லாம் இழைத்த பலகையைத் தட்டித் துடைத்த அதே துண்டு. தச்சனுக்குத் துண்டு இன்னொரு கை மாதிரி, அதை அழுக்கு என்று எந்தத் தச்சன் நினைப்பான்! அப்புறம் களிம்பை உள்ளங்கையில் எடுத்து, இடுப்புக்கு மேலிருந்து தோள்பட்டைக்குக் கீழே வரைக்கும் இழைப்புளி ஓட்டுகிற நிதானத்தில் தடவுவான்.

"எரியுதா?"

"இல்ல."

"சொல்லு, எரிஞ்சா மெதுவாத் தடவுறேன்."

"இல்லங்க. நல்லா இருக்கு."

தினமும் இதே கேள்வி, இதே பதில். முகம் தெளிந்தது. கழுத்து ஆறியது. கையில் புதுத்தோல் வந்து பளபளத்தது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டாள், முதுகைப் பார்க்கும்போது மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். "இது ஏன் பின்தங்குது?"

அன்று சாயங்காலம் வார்டு ஜன்னல் வழியாய் வெயில் சாய்ந்து அவள் முதுகில் நேராய் விழுந்தது. களிம்புக் குழாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மேலே தோள்பட்டை ஓரம் ஆறியிருந்தது. கீழே இடுப்பு ஆறியிருந்தது. நடுவில் மட்டும் சிவந்து, நீர் கோத்து, விளிம்பு வெட்டினாற்போல் நின்றது. நோய்க்கு இவ்வளவு சுத்தமான ஓரம் வருமா? ஓரம் பார்த்தே பிழைத்தவன் அவன். கண் தானாக அந்தக் கோட்டின் மேல் போனது. அது மேலே போய் விரல் விரலாய்ப் பிரிந்தது. நாலு வரி. அதில் நடுவிரலின் வரி பாதியிலேயே நின்றிருந்தது.

தொடாமல், காற்றிலேயே கையை அதற்கு மேல் வைத்துப் பார்த்தான். பொருந்திற்று.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

துண்டை எடுத்துப் பார்த்தான். மடிப்பெல்லாம் செந்தூள். சட்டைக் கைமடிப்பைப் பிரித்தான், தூள் கொட்டியது. கட்டில், தலைமாட்டு அலமாரி, ஒரே தலையணை, தையல் நின்ற பிறகு கூடினது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து வரிசையில் உட்கார்ந்தன. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மேய்ந்துவிட்டுத் தினமும் எரியுதா என்றும் கேட்டிருக்கிறது.

"நான்தான்" என்றான். "நான் தடவின இடம் மட்டும்தான்டி ஆறல. என் கையி அப்படியே பதிஞ்சிருக்கு."

அவள் திரும்பவில்லை. ஐயோ என்றோ, என்ன சொல்கிறீர்கள் என்றோ கேட்கவில்லை. அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

"உனக்குத் தெரியுமா?"

அவள் தலையணை உறையின் தையலை நகத்தால் நெருடினாள்.

"உன்னைத்தான் கேக்கிறேன். தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"இங்க வந்து கொஞ்ச நாள்ல. நீங்க தடவிட்டுப் போனதும் நெருப்பு வெச்ச மாதிரி இருக்கும். சிஸ்டர் தடவுற இடம் குளுகுளுன்னு இருக்கும். நானும் மக்கு இல்லியே."

"அடிப்பாவி, சொல்ல வேண்டியதுதானே! செத்துப் பொழைச்சு வந்திருக்க. தினம் எரியுதா எரியுதான்னு கேட்டனே, வாயைத் திறந்து ஆமான்னு ஒரு வார்த்தை..."

"சொன்னா தொட மாட்டீங்க."

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். தையல்காரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யாருங்க என்னைத் தொட்டா இத்தனை மாசமா? அளவெடுக்க வந்தவங்க வாசப்படியோட போயிட்டாங்க. உங்க அக்கா டம்ளரைக் கீழ வெச்சுத் தள்ளுறாங்க. சிஸ்டர்கூட கையில உறை மாட்டிட்டுத்தான் வரும். வெறுங்கையால தொட்டது நீங்க ஒருத்தர்தான். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அவன் களிம்பை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே வந்தான். வராந்தாச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். வழியில் போனவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

மறுநாளிலிருந்து அவன் வார்டு வாசலோடு சரி. நர்சம்மா தடவ, ஒரே வாரத்தில் முதுகும் ஆறியது. அவன் கொண்டுபோய்க் கொடுத்த செந்தூளில் ஒரு சிட்டிகையை டாக்டரம்மா அவள் மேல்கையில் ஒட்டிப் பார்த்தாள். இரண்டாம் நாள் நாணயம் அளவுக்குக் கொப்புளித்துக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு உங்க வேலையை நான் இன்னும் கேட்டிருக்கணும்" என்றாள் டாக்டரம்மா.

"நான்தானுங்க வாயை அடைச்சேன். இனிமே என்னங்க?"

"அந்த மரம் ஆயுசுக்கும் ஆகாது. அதுல ஒரு துளி தூள் வீட்ல இருக்கக் கூடாது. மத்த மரமும் இப்போதைக்கு வேணாம். ஒண்ணைப் பகைச்ச உடம்பு அதோட சொந்தக்காரங்களையும் பகைக்கலாம்."

முதலாளி நம்பவில்லை. "எவனாவது பொண்டாட்டிக்குத் தும்மல் வந்துச்சுன்னு தொழிலை விடுவானா? குளிச்சுட்டுப் போடா." குளித்தால் போகிற தூளாக இருந்தால் எப்போதோ போயிருக்கும். உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றையும் பட்டறையிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு நடந்தான். பஸ் நிலையத்து வாசலில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கிற வேலை கிடைத்தது. முதல் நாளே சைக்கிளையெல்லாம் கயிறு பிடித்தாற்போல் நிறுத்தி வைத்தான் என்று பட்டறைக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்களாம். வீட்டில் தனியாக இருக்கும்போது கை சும்மா இருக்க மாட்டாமல் வெறுந்தரையை இழைத்துக்கொண்டிருந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

அவள் வருவதற்குள் வீட்டைத் துடைத்தாக வேண்டும். மெத்தை, தலையணை, துணிமணி எல்லாம் போயிற்று. அலமாரி போயிற்று. கட்டிலுக்கு வந்தான். உள்ளறைக்குள்ளேயே பூட்டிய கட்டில், வாசல்நிலையைவிட அகலம். சாய்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான், பட்டறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுத் திருப்பிப் பார்த்தான். போகவில்லை. ஆணியோ திருகோ இருந்தால் கழற்றலாம். அசையாத வேலை என்று அவனே மார்தட்டியது அது.

"அறுத்துருவோம் அண்ணே. அரைமணி வேலை."

"அறுத்தா தூள் பறக்கும்டா. செவுத்துல படியும், கூரையில படியும். வேணாம்."

"அப்ப என்ன பண்றது?"

மூலைமட்டம் கட்டிலைப் பார்த்தான், நிலையைப் பார்த்தான். பிறகு போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான். வீட்டுச் சொந்தக்காரர் மாடியிலிருந்து கத்திக்கொண்டு இறங்குவதற்குள் கதவும் நிலையும் செங்கல்லோடு பெயர்ந்து விழுந்தன. முன்வாசலுக்கும் அதே கதிதான். தெருவே கூடி நின்று பார்க்க, கட்டில் முழுசாய், ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. வண்டியில் ஏற்றும்போது அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் சுவரைக் கழுவினான். கூரையைக் கழுவினான். தரையைச் சோடா போட்டுத் தேய்த்தான். தன்னைத் தேய்த்தான். துணி துவைக்கிற பிரஷால் உள்ளங்கையை, நகத்தை, முழங்கையை, காலையும் மாலையும் தோல் வழன்று ரத்தம் எட்டிப் பார்க்கும் வரை தேய்த்தான். முப்பது வருஷக் காய்ப்பு உரிந்து வந்தது.

அவள் வந்தபோது முன்வாசலில் கதவுக்குப் பதில் ஒரு படுதா தொங்கியது. ஜன்னலோரம் மெஷின் இருந்தது, அக்கா கொண்டுவந்து போட்டிருந்தாள். தரையில் ஒரு புதுப்பாய். அவள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடா இது, சத்திரமா?" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டான், ஆனால் சுவரோரத்தை விட்டு நகரவில்லை.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"இருக்கட்டும். நீ உக்காரு."

"சாயங்காலம் களிம்பு தடவணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. தோல் காயக் கூடாதாம்."

"அக்காவை வரச் சொல்றேன்."

அவள் களிம்புக் குழாயைப் பாய் மேல் வைத்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். புதுத்தோல் வெளிறிப்போய், ஈரக் காகிதம் மாதிரி மெல்லிசாய் இருந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.

அவன் வந்து உட்கார்ந்தான். களிம்பை எடுத்தான். வெடித்த உள்ளங்கையில் அது பட்டதும் அவனுக்கே சுரீரென்றது. கை அவள் முதுகுக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது, அதற்கு மேல் போகவில்லை. அவள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவி, அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் மேல் வைத்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"இல்ல."

ஆஸ்பத்திரியிலும் அவள் இதையேதான் சொன்னாள். அவன் எழுந்துபோய் விளக்கைப் போட்டான். திரும்பி வந்து, கண்ணை எடுக்காமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. தோல் உடனே சொல்லாது, நாளை மறுநாள் வரைக்கும் ஒன்றும் தெரியாது.